வில் செதுக்கக் கழற்றி மாட்டும் மேசை: மரம் வாங்குவதில் தொடங்கி ரயிலில் ஏற்றுவது வரை

மர வில் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் நல்ல கட்டையைத் தேடி அலைவார்கள். கட்டை கைக்கு வந்த பிறகுதான் அதை எங்கே வைத்துச் செதுக்குவது என்ற கேள்வி வரும். ஆறடி நீளக் கட்டை. இருபுறமும் பிடியுள்ள டிரா நைஃப் என்ற கத்தியை நெஞ்சை நோக்கி இழுத்து இழுத்துச் சீவ வேண்டும். கட்டையும் அசையக் கூடாது, கட்டையைப் பிடித்திருக்கும் மேசையும் அசையக் கூடாது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பலகை, நான்கு கிளாம்ப் என்று சமாளித்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஒவ்வொரு இழுப்புக்கும் மொத்தமும் நம்மை நோக்கி நகர்ந்து வரும்.

வாடகை வீட்டில் தச்சுப் பட்டறை போட முடியாது. கடையில் விற்கும் மடக்கு மேசைகள் பலகை அறுக்கவும் டிரில் போடவும் வசதிதான், ஆனால் எடை குறைவு என்பதால் இழுத்தால் கூடவே வந்துவிடும். கனமான மேசையோ வீடு மாறும்போது தலைவலி. நானும் இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கித்தான் கீழே உள்ள அமைப்புக்கு வந்தேன். இதன் சூத்திரம் எளிது. மேசையை இலேசாகச் செய்து, எடையைக் கருவிப் பெட்டியிடமிருந்தும் உங்கள் உடம்பிடமிருந்தும் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டி கால்களுக்கு நடுவே தாழ்வாக உட்காரும். நீங்கள் மேசையோடு இணைந்த ஒரு மிதிபலகை மேல் நின்று வேலை செய்வீர்கள். பத்துப் போல்ட்டைக் கழற்றினால் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

சென்னை நிலவரத்தை வைத்து எழுதுகிறேன். வேறு ஊரிலும் கடைப் பெயர்கள்தான் மாறும்.

1. இடத்தை அளந்துகொள்ளுங்கள், பிறகு முழங்கையை

மேசை 4 அடி நீளம், 24 செ.மீ. அகலம். கால்கள் கீழே 60 செ.மீ. வரை விரியும். முன்னால் மிதிபலகை, அதன் பின்னால் முழங்கை இழுபட இடம் எல்லாம் சேர்த்தால் ஏழடிக்கு மூன்றடி இடம் வேண்டும். அடுக்குமாடி பால்கனிகள் பெரும்பாலும் இதற்குப் போதும். அகலம் குறைவென்றாலும் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். கட்டையின் இரு பக்கமும் கை தாராளமாகப் போய்வர வேண்டும்.

உயரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கூகுளில் தேடினால் தச்சு மேசைக்கு 34 அங்குலம், 36 அங்குலம் என்று வரும். அது பலகைமேல் வைத்து இழைப்புளி தள்ளுகிறவர்களுக்கான அளவு. நமக்குக் கட்டை பலகைமேல் படுத்திருக்காது, வைஸ் என்ற, திருகி இறுக்கும் இரும்புப் பிடியின் வாயில் கடிபட்டு நிற்கும். நான்கு அங்குல வைஸ் ஒன்றே பலகைக்கு மேல் ஏறத்தாழ 15 செ.மீ. எழும். அதனால் உயரத்தை வைஸின் வாயிலிருந்து கீழ்நோக்கிக் கணக்கிடுங்கள். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து அதில் 5 செ.மீ. கழியுங்கள். அங்கேதான் வைஸின் வாய் வர வேண்டும். அதிலிருந்து வைஸின் உயரத்தைக் கழித்தால் பலகை மட்டம். மிதிபலகை உங்களை 2 செ.மீ. தூக்கும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். முழங்கை 105 செ.மீ. உள்ளவருக்குப் பலகை மட்டம் சுமார் 87 செ.மீ. வரும். வைஸ் வாங்கிய பிறகே கால்களை அறுக்க வேண்டும். வைஸுக்கு வைஸ் உயரம் வேறு.

2. எந்த மாதத்தில் தொடங்குவது

பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சென்னையில் மரம் வாங்காதீர்கள். டிப்போவில் திறந்தவெளியில் நனைந்த சட்டத்தை இழைத்துத் தருவார்கள், பார்க்கப் பளபளவென்று இருக்கும். தை பிறந்து காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு நிற்கும். எந்த மாதம் வாங்கினாலும் சட்டங்களை வீட்டுக்குள், நிழலில், நடுநடுவே குச்சி வைத்துக் காற்றாட இரண்டு மூன்று வாரம் போட்டுவையுங்கள்.

வேலை என்று பார்த்தால் நான்கைந்து வார இறுதிகள் போதும். காத்திருப்புதான் அதிகம். மரம் ஆற வேண்டும், பசை காய ஒரு முழு நாள், பாலிஷ் ஒவ்வொரு பூச்சுக்கும் ஓர் இரவு. வில்லுக்கான மூங்கிலையும் இதே சமயத்தில் வாங்கி நிழலில் போட்டுவிடுங்கள். மேசை முடியும்போது அதுவும் ஓரளவு காய்ந்திருக்கும்.

3. மரமும் பிளைவுட்டும்: எதை வாங்க, எந்தச் சீட்டைக் கேட்க

கால்களுக்குத் தேக்கு தேவையே இல்லை. எடை கூடும், காசும் வீண். பைன் போதும். இறக்குமதிச் சரக்கை அடுக்கி வரும் பேலட் என்ற மரத் தட்டுகளைப் பிரித்து விற்கும் கடைகள் துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளிலும் தொழிற்பேட்டைகளின் ஓரத்திலும் இருக்கின்றன. பேலட் மரத்தில் சூட்டுக்கோலால் வைத்ததுபோல ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம், எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்ட மரம், தொடாதீர்கள். இழைத்து, உப்புத்தாள் போட்டு, தூளைச் சுவாசிக்கப் போவது நீங்கள்தான். முத்திரையே இல்லாத துண்டையும் விட்டுவிடுங்கள். புது மரம்தான் வேண்டும் என்றால் சில்வர் ஓக் நல்ல தேர்வு.

அளவு: 3 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலச் சட்டம், மொத்தம் 38 அடி. கணக்குப் போட்டால் ஒன்றேகால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. சேதாரத்துக்குச் சேர்த்து ஒன்றரை கன அடியாகக் கேளுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. "மூணுக்கு ஒன்றரை" என்று சொன்னால் அறுத்த அளவைத்தான் தருவார்கள், இழைத்தபின் பக்கத்துக்கு ஒரு நூல் போய்விடும். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது தச்சர் கணக்கு. இரண்டு பக்கமும் சேர்த்தால் கால் அங்குலம் காணாமல் போகும். "இழைச்ச பிறகு மூணுக்கு ஒன்றரை நிக்கணும்" என்று சொல்லிவிடுங்கள். மில்லிமீட்டரில் எழுதிய படத்தை நீட்டாதீர்கள். அங்குலம், நூல் இரண்டிலும் எழுதிக் கொடுத்தால் தவறு வராது.

பிளைவுட் இரண்டு கனத்தில் வேண்டும். மேல்பலகைக்கும் மிதிபலகைக்கும் 18 மி.மீ., பெட்டிக்கு 12 மி.மீ. முழு ஷீட் வாங்குவது வீண்செலவு. இன்டீரியர் வேலை நடக்கும் வீடுகளில் நான்கடி நீளத் துண்டுகள் மூலையில் கிடக்கும், மேஸ்திரியிடம் கேட்டால் கொடுத்துவிடுவார். பிளைவுட் கடைகளிலும் வெட்டுத் துண்டுகள் தனியாக விற்பார்கள். சென்னையில் சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் போனால் ஒரே நடையில் முடியும். துண்டின் மேல் ஐ.எஸ். 710 என்று அச்சிருந்தால் மரைன் பிளை, தண்ணீர் தாங்கும். ஐ.எஸ். 303 என்றிருந்தால் எம்.ஆர். ரகமா, பி.டபிள்யூ.ஆர். ரகமா என்று அடுத்து பாருங்கள். எம்.ஆர். என்பது வீட்டுக்குள் மட்டும். பால்கனியில் சாரல் அடிக்கும் என்றால் பி.டபிள்யூ.ஆர். வேண்டும். துண்டின் ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே விரல்நகம் நுழையும் சந்து இருந்தால் போல்ட் இறுக்கும்போது அமுங்கும்.

ரசீது விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். மரத்தின் பெயர், கன அடி, கடையின் பெயர், தேதி நான்கும் இருக்க வேண்டும். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்ற பேச்சு வரும். பைனுக்கும் பிளைவுட்டுக்கும் யாரும் வழிமறித்துக் கேட்கப் போவதில்லை என்றாலும், குட்டியானையில் மரம் ஏற்றிப் போகும்போது சீட்டு கையிலிருந்தால் பேச்சு குறையும். வில்லுக்கான மரத்துக்குத்தான் இது மிக முக்கியம். தேக்கு, ஈட்டி போன்றவற்றை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக வனத்துறை அனுமதிச் சீட்டு கேட்கப்படலாம். மூங்கிலைப் பொறுத்தவரை, 2017-இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தியபின், காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கில் "மரம்" என்ற கணக்கில் வராது. காட்டில் வெட்டிய மூங்கிலுக்கு அந்தச் சட்டம் இன்னும் பொருந்தும். அதனால் எங்கே விளைந்தது என்று தெரியும் கடையில் ரசீதோடு வாங்குங்கள். மலைப்பாதையில் விற்கிறவரிடம் வாங்கிக் காரின் மேல் கட்டிக்கொண்டு வராதீர்கள்.

4. தச்சரிடம் எதைக் கொடுப்பது

அறுப்பதையும் இழைப்பதையும் மில்லிலேயே முடித்துவிடுங்கள். நூறு இருநூறு ரூபாய்க்கு மெஷினில் நேராக வந்துவிடும். கால்சட்டத்தின் சாய்வு வெட்டுகளும் பொருத்துகளும் கை பழகாதவர்களுக்குச் சிரமம். ஒரு தச்சரை ஒரு நாள் கூப்பிட்டு அதை மட்டும் செய்யச் சொல்லலாம். நகரத்தில் ஒரு நாள் கூலி 1,000 முதல் 1,500 ரூபாய் வரை.

ஆனால் இரண்டு விஷயத்தில் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். "கீல் போட்டு மடக்குற மாதிரி செஞ்சிடலாம் சார்" என்பார். வேண்டாம். கீலில் உள்ள ஒரு நூல் ஆட்டம் வைஸின் உயரத்துக்குப் போகும்போது அரை அங்குல ஆட்டமாகிவிடும். அடுத்து, கட்டிலுக்கு மாட்டும் கொக்கிப் பட்டையைச் சொல்வார். கட்டிலில் பாரம் மேலிருந்து கீழே இறங்குகிறது, கொக்கி இறுகும். இங்கே பாரம் நீளவாக்கில் இழுக்கிறது, கொக்கி நாளடைவில் தளரும். போல்ட்தான் வேண்டும் என்று நில்லுங்கள்.

5. கால்கள்

இரண்டு சட்டகம், ஏ எழுத்தின் வடிவில். மேலே 24 செ.மீ., கீழே 60 செ.மீ. ஒவ்வொன்றிலும் இரண்டு கால், மேலே ஒரு குறுக்கு, தரையில் ஓர் அடிக்கட்டை, நடுவில் இரண்டு குறுக்கு. நடுக்குறுக்கு ஒன்று தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் வரும், பெட்டியைத் தாங்க. இன்னொன்று 50 செ.மீ. உயரத்தில், முட்டுக் கொடுக்க. சட்டகத்தின் பொருத்துகளைப் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டி ஸ்க்ரூ போட்டுவிடலாம், தட்டையாக இருப்பதால் கட்டிலடியில் நுழையும்.

இரண்டு சட்டகத்தையும் இணைப்பவை ஒரு மீட்டர் நீளமுள்ள இரண்டு சட்டங்கள். அவை கீழ்க் குறுக்கில் கொத்திய பள்ளத்தில் உட்கார்ந்து 10 மி.மீ. போல்ட்டால் இறுகும். பெட்டி இவற்றின் மேல்தான் வரும்.

முட்டுகளைத் தவிர்க்காதீர்கள். 50 செ.மீ. குறுக்கிலிருந்து மேல்பலகையின் அடிவயிற்றுக்குச் சாய்வாக ஒவ்வொரு பக்கமும் ஒரு முட்டு. இவை இல்லாமல் மேசை பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். கத்தியை இழுத்ததும் முன்னும் பின்னும் ஆடும். முட்டு மாட்டியதும் அந்த ஆட்டம் அப்படியே நின்றுவிடும். மொத்த வேலையிலும் குறைந்த செலவில் கிடைக்கும் மிகப் பெரிய பலன் இதுதான் என்பேன்.

போல்ட் போடும் இடங்களில் சாதாரண நட்டுக்குப் பதிலாக, மரத்தில் அடித்துப் பதிக்கும் டி நட் அடித்துவிடுங்கள், கழற்றும்போது நட்டு உருண்டு ஓடாது. ஒவ்வொன்றிலும் அகலமான வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் வேண்டும். மேசை முழுக்க ஒரே அளவு போல்ட்டாக இருந்தால் ஒரே ஸ்பானரில் வேலை முடியும். போல்ட் நீளத்தையும் இரண்டு வகைக்குள் அடக்கப் பாருங்கள்.

6. மேல்பலகையும் வைஸும்

18 மி.மீ. துண்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் 36 மி.மீ. கிடைக்கும். நான்கடி நீளம், 24 செ.மீ. அகலத்தில் எடை சுமார் 7 கிலோ. பசையை எங்கும் பூசி, கிளாம்ப் போதாத இடத்தில் நடுவே நாலைந்து ஸ்க்ரூ போட்டு, ஒரு நாள் விட்டுவிடுங்கள். பலகை அகலம் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். அகலமாக்கினால் கத்தியின் பிடி பலகையில் இடிக்கும்.

வைஸ் நான்கு அங்குலம் போதும். அடிப்பாகம் சுழலும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். பாரிமுனையைச் சுற்றியுள்ள ஹார்டுவேர் தெருக்களில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி, திருகைச் சுற்றிப் பார்த்து வாங்க வேண்டிய பொருள் இது. தாடையை முக்கால்வாசி திறந்து கையால் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள்.

வைஸ், நீங்கள் நிற்கும் முனைக்கு எதிர்முனையில், ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே வர வேண்டும். கட்டை மேசையின் நீளவாக்கில் படுக்கும்படி தாடையைத் திருப்புங்கள். வில்லின் நடுப்பிடியை வைஸ் கடிக்கும். வில்லின் ஒரு கை, அதாவது பிடிக்கு ஒரு பக்கத்துப் பாதி, மேசைமேலாக உங்களை நோக்கி நீண்டு வரும். அது அந்தரத்தில் நின்றால் ஒவ்வொரு சீவலுக்கும் துள்ளும். ஆகவே நீங்கள் நிற்கும் முனையில், வைஸின் வாய்க்குச் சமமான உயரத்தில், ஒரு சிறு தாங்கு கட்டை வேண்டும். அதன் தலையில் பள்ளம் செதுக்கித் தோல் ஒட்டுங்கள். வில் மெலிய மெலிய அடியில் ஆப்பு செருகி உயர்த்திக்கொள்ளலாம்.

வைஸை மர ஸ்க்ரூவில் மாட்டுவது கூடாது. பலகையைத் துளைத்துப் போகும் போல்ட், அடியில் பெரிய வாஷர். இரும்புத் தாடைகளில் தோல் வைத்த மரத்துண்டுகளைச் செருகுங்கள். செருப்புத் தைக்கும் கடையில் தோல் துண்டு கிடைக்கும். இதில் அலட்சியம் வேண்டாம். எய்யும்போது இலக்கைப் பார்த்திருக்கும் வில்லின் முதுகில்தான் முழு இழுவிசையும் விழுகிறது. அங்கே தாடைப் பல் பதிந்த ஒரு சின்னத் தழும்பிலிருந்து வெடிப்பு தொடங்கிவிடும்.

7. மிதிபலகை

50 செ.மீ. அகலம், 35 செ.மீ. ஆழமுள்ள 18 மி.மீ. பிளைவுட். நீங்கள் நிற்கும் பக்கத்துச் சட்டகத்தின் அடிக்கட்டைக்குக் கீழே, தரையோடு தரையாகப் படுத்து, போல்ட்டால் சேர வேண்டும். பலகையின் வெளி விளிம்பு தரையைத் தொட்டிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அடிக்கட்டையின் மேல் மாட்டினால் விளிம்பு அந்தரத்தில் தொங்கும். நீங்கள் ஏறி நின்றதும் மேசையின் மறுமுனை தூக்கிக்கொள்ளும். எதிர்ச்சட்டகத்தின் அடியிலும் அதே கனத்தில் இரண்டு துண்டு ஒட்டி மட்டமாக்கிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் டைல்ஸில் வழுக்காது. கீழ்வீட்டுக்காரருக்கும் சத்தம் குறையும்.

8. கருவிப் பெட்டி

வெளி அளவு 80 செ.மீ. நீளம், 32 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். இந்த அளவுக்கு ஒரு காரணம் உண்டு, கடைசிப் படியில் வரும். மூடியை மேலே வைக்காதீர்கள். முட்டுகள் இடிக்கும், சீவல் எல்லாம் உள்ளே விழும். நீளப் பக்கம் ஒன்றைக் கீழே சாயும் கதவாக்குங்கள். உள்ளே அகலமான இழுப்பறை இரண்டு. வைஸின் பக்கமாகப் பெட்டியைத் தள்ளிவைத்து, அடியில் இரண்டு தாழ்ப்பாளால் சட்டத்தோடு பூட்டிவிடுங்கள். இருபுறமும் நைலான் கயிற்றில் கைப்பிடி போட்டால் தூக்க வசதி.

உள்ளே அடுக்குவதில் ஒரே விதிதான்: வெட்டும் முனை எதுவும் இன்னோர் இரும்பைத் தொடக் கூடாது. டிரா நைஃபுக்கு அலகின் நீளத்துக்கு ஒரு மரக்கட்டையில் பள்ளம் அறுத்து உறையாக மாட்டுங்கள். அரங்களை ஒன்றோடொன்று உரசாமல் தடுப்பு வைத்துப் பிரியுங்கள். மரத்தைச் சுரண்டி வழுவழுப்பாக்கும் ஸ்கிரேப்பர் தகடுகள் ஒரு துணி உறையில்.

கடலோர ஊர்களில் துரு பெரிய எதிரி. வேலை முடிந்ததும் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு, அது நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூளைப் பிடித்துவைக்கும். புதுச் செருப்பு, பை வாங்கும்போது வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கியெறியாமல் பெட்டிக்குள் போடுங்கள்.

9. என்னென்ன கருவி

டிரா நைஃப், இருபுறமும் பிடியுள்ள சிறிய இழைப்புளியான ஸ்போக்‌ஷேவ், ஒரு பக்கம் தட்டை ஒரு பக்கம் வளைவான மர அரம், சாதாரண இரும்பு அரம், ஸ்கிரேப்பர் தகடு இரண்டு, கைவாள், மூலைமட்டம், டேப், பென்சில், ஜி கிளாம்ப் நான்கு, நாண் தங்கும் வெட்டுக்கு உருண்டையான மெல்லிய அரம். இவ்வளவுதான். பவர் டூல் இல்லாமலே வில் செய்துவிடலாம். மெஷினில் ஒரு நொடி அதிகமாகப் போனால் போன மரம் திரும்பாது.

டிரா நைஃப் நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் எளிதில் கிடைக்காது. ஆன்லைனில் வாங்கலாம், அல்லது படம் வரைந்து கொல்லரிடம் கொடுக்கலாம். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தரச் சொல்லுங்கள். அரிவாள் அடித்துப் பழகிய கைக்கு இது சின்ன வேலை. அலகு 25 செ.மீ. போதும். ஒரு பக்கம் மட்டும் சாய்வு இருக்க வேண்டும், இன்னொரு பக்கம் தட்டையாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். அரிவாள் பழக்கத்தில் இருபுறமும் சாய்த்துவிடுவார்கள், அப்படி ஆனால் கட்டைக்குள் குத்தி இறங்கும். வாங்கிய சீட்டைப் பெட்டியிலேயே வையுங்கள். பையில் பெரிய கத்தி என்று யாராவது நிறுத்திக் கேட்டால், உறை போட்ட தச்சுக் கருவியும் அதன் ரசீதும் ஒன்றாக இருப்பது நல்லது.

10. வளைவு பார்க்கும் கட்டை

வில்லின் இரு கைகளும் ஒரேபோல் வளைகின்றனவா என்று பார்க்கும் வேலைக்கு டில்லரிங் என்று பெயர். செதுக்குவதைவிட இதற்குத்தான் அதிக நேரம் போகும். அதற்காகச் சுவரில் கட்டை அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். மேசையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஐந்தடி நீளச் சட்டம் ஒன்று, வைஸ் பக்கத்துச் சட்டகத்தின் வெளிப்புறம் செங்குத்தாக, இரண்டு போல்ட்டில். உச்சியில் வில்லின் பிடி உட்காரத் தோல் வைத்த ஒரு பள்ளம். கீழே, தரைக்கு ஒரு சாண் மேலே, ஒரு கப்பி. நாணில் கொக்கி, கொக்கியிலிருந்து சூட்கேஸ் எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு, தராசிலிருந்து கயிறு கப்பி வழியாக உங்கள் கைக்கு. நாண் எவ்வளவு தூரம் இழுபடுகிறது என்று பார்க்கச் சட்டத்தில் அங்குலக் கோடுகளை 28 வரை போட்டுவையுங்கள். தராசு கிலோவில் காட்டும். முழுதாக இழுக்க 40 பவுண்டு விசை கேட்கும் வில் என்றால் 18 கிலோ.

கப்பியை உயரத்தில் மாட்டினால் இழுக்கும்போது மேசை சாயும். தாழ்வாக இருந்தால் சாயாது, ஆனால் நகரப் பார்க்கும். ஆகவே மேசையின் மறுகாலை ஜன்னல் கம்பியிலோ தூணிலோ கட்டிவிடுங்கள். வில் பக்கவாட்டில் ஆறடி விரியும் என்பதால் இந்த வேலைக்கு மட்டும் மேசையை ஹாலுக்குள் கொண்டுபோக வேண்டியிருக்கும். கயிறு மூன்று மீட்டராவது இருக்கட்டும். தள்ளி நின்றால்தான் வளைவு கண்ணுக்குத் தெரியும். முறியும்போது துண்டுகள் பறக்கும் இடத்திலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கயிற்றைத் தொடாதீர்கள். குழந்தைகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

11. செலவு

சட்டமும் மில் கூலியும் 1,200 முதல் 1,500 ரூபாய். பிளைவுட் துண்டுகள் 1,000 முதல் 1,500. வைஸ் 1,200 முதல் 2,000. போல்ட், டி நட், வாஷர் எல்லாம் 500. பசை, உப்புத்தாள், பாலிஷ், தாழ்ப்பாள், கயிறு என்று இன்னொரு 600. ஆக மேசைக்கு 4,500-இலிருந்து 6,100-க்குள் அடங்கும். தச்சர் வந்தால் அவர் கூலி தனி. கைக்கருவிகள், தராசு, கப்பி எல்லாம் புதிதாக வாங்கினால் 3,000-க்கு மேல் போகும். இவை நான் விசாரித்தவரை உள்ள தோராய விலைகள். கடைக்காரர் சொல்லும் விலை ஜி.எஸ்.டி. சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பணம் குறைக்கப் பிளைவுட்டில் குறையுங்கள், மரத்தில் குறையுங்கள். வைஸில் குறைக்காதீர்கள்.

அடுக்குமாடி என்றால் செலவில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. சங்கத்துக்கும் வீட்டுக்காரருக்கும் நாலு வரி எழுதி, எந்த நேரத்தில் வேலை செய்வீர்கள், சுவரில் ஆணி அடிக்க மாட்டீர்கள், சீவலை நீங்களே அள்ளிவிடுவீர்கள் என்று சொல்லி, வாட்ஸ்அப்பிலாவது ஒரு "சரி" வாங்கிவையுங்கள். பிறகு யாராவது புகார் சொன்னால் காட்ட ஏதாவது இருக்கும்.

12. ஊருக்கு எடுத்துப்போக

எல்லாம் சேர்த்துக் கருவிகளோடு 45 கிலோவுக்குச் சற்று மேலே வரும். காரில் பின்சீட்டை மடக்கினால் போதும். ரயில்தான் கணக்குப் பார்த்து ஏற வேண்டிய இடம். இலவசமாகக் கொண்டுபோகும் எடை ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50, இரண்டாம் வகுப்பில் 35. எடையைவிட அளவைக் கவனியுங்கள். ரயில் பெட்டிக்குள் எடுத்துச்செல்லும் டிரங்குக்கு 100-க்கு 60-க்கு 25 செ.மீ. என்பது உச்ச அளவு. நம் கருவிப் பெட்டி அதற்குள் அடங்கும்படிதான் செய்தது. மூன்றடுக்கு ஏசியிலும் ஏசி சேர் காரிலும் அது 55-க்கு 45-க்கு 22.5 ஆகக் குறைந்துவிடும், அதனால் இந்தச் சாமானோடு ஸ்லீப்பரில் போங்கள். நான்கடிப் பலகை, ஐந்தடிச் சட்டம், ஆறடி வில்கட்டை மூன்றையும் சாக்கில் சேர்த்துக் கட்டி, வைஸையும் தனியாகக் கட்டி, லக்கேஜாகப் பதிவு செய்து பிரேக் வேனில் போடுவது நிம்மதி. பதிவுக்கு டிக்கெட்டும் அடையாள அட்டையும் வேண்டும். வண்டி கிளம்பும் நேரத்துக்கு ஓடிப் போனால் வாங்க மாட்டார்கள், ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். ஒவ்வொரு கட்டிலும் பெயர், போன் எண், சேரும் ஊர் எழுதுங்கள். பாலிஷ், தின்னர், ஸ்பிரிட் எதையும் ரயிலில் ஏற்றக் கூடாது, போகிற ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விமானத்துக்கு இந்த மேசை சரிப்படாது. உள்நாட்டு எகானமியில் பெரும்பாலும் 15 கிலோதான் செக்-இன். கருவிகளை மட்டும் கொண்டுபோகலாம், எல்லாமே செக்-இன் பையில்தான். கைப்பையில் ஒரு ஸ்கிரேப்பர் தகடு மறந்து கிடந்தாலும் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். கார்ட்லெஸ் டிரில் இருந்தால் டிரில் செக்-இன்னில், கழற்றிய லித்தியம் பேட்டரி கைப்பையில், முனைகளில் டேப் ஒட்டி.

போய்ச் சேர்ந்து மாட்டும்போது முதலில் எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் திருகுங்கள். பெட்டியை உள்ளே வைத்து, மிதிபலகையில் ஏறி நின்று, மேசை தரையில் நன்றாகப் படிந்தபின் ஸ்பானரால் இறுக்குங்கள். அரை மணி நேரம் செதுக்கியபின் முட்டுகளின் போல்ட்டை இன்னொரு முறை பாருங்கள். தளர்வது பெரும்பாலும் அவைதான்.